யெயின் வரிசையில் பத்தாவது ஆள்

எங்கள் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு ஒரு முறை கல்யாணம் நிச்சயம் செய்திருக்கிறாள். மாப்பிள்ளை கிடையாது, தேதி கிடையாது, ஜாதகம் கிடையாது. வாசலில் நின்றபடியே ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். இப்போது அந்தப் பேச்சு வந்தால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறோம், அம்மாவும்தான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாள் அம்மா சமைத்ததைத் தொடாமல் தெருமுனைக் கடையில் விற்கும் மொஹிங்கா மீன் நூடுல்ஸிலேயே காலம் தள்ளினேன்.

அப்போது நான் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், கல்லூரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறையில் பெண்கள் மட்டும் சேர்ந்து ஒரு யெயின் குழு வைத்திருந்தார்கள். யெயின் என்பது திங்யான் தண்ணீர்த் திருவிழாவில் மேடையேறி ஆடும் கூட்டு ஆட்டம். எல்லோருக்கும் ஒரே துணி, ஒரே கொண்டை, ஒரே பூ. ஒருத்தி கையைத் தூக்கினால் பத்துப் பேரும் தூக்க வேண்டும். ஆட்டம் திருவிழாவோடு முடிந்துவிடும், குழு முடியாது. அதில் இருப்பவர்கள் வருஷம் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி நோட்டு எழுதித் தருவாள். படிப்பை முடித்துப் போன மூத்தவர்கள், தங்கள் ஆபீசுக்கு ஆள் வேண்டுமென்றால் முதலில் இங்கேதான் வந்து கேட்பார்கள். கேன்டீனில் ஜன்னல் ஓரத்து நீள மேஜை அவர்களுடையது. தெரியாமல் வேறு யாராவது போய் உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கே எழுந்துவிடத் தோன்றும்.

எனக்கு அந்த மேஜையில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பள்ளிக்கூடத்தில் ஆட்டத்துக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் டீச்சரின் பார்வை என்மேல் பட்டு, அப்படியே அடுத்த பெஞ்சுக்குப் போய்விடும். நிறம் என்று யாரும் வாயால் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நானோ வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் எல்லா ஆட்டத்தையும் ஆடிப் பார்த்தவள். நன்றாகவே ஆடுவேன். தற்பெருமை என்றால் தற்பெருமையாகவே இருக்கட்டும்.

எங்கள் துறையில் தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், அலோன் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தாவாக இருப்பவரின் மகள். இன்னொருத்தி என் தோழி. க்யிம்யிண்டைங் மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு, வேதக்காரக் குடும்பம், நல்ல தாட்டியான உடம்பு, அதைவிடத் தாட்டியான குரல். நாங்கள் பேசும் தமிழில் பாதி பர்மிய மொழி கலந்திருக்கும். ஆனாலும் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து அந்த நாலு பேரைப் பற்றியே வம்பு பேச அதைவிட வசதியான பாஷை கிடையாது. குழுவுக்குப் பெயர் கொடுப்பதென்று இரண்டு பேரும் ஒன்றாகத்தான் முடிவு செய்தோம்.

பெயர் கொடுத்தவர்கள் இருபத்துச் சொச்சம். பழைய ஆட்கள் ஐந்து பேர் இருந்ததால் புதிதாக ஐந்து இடம்தான். முதல் சனிக்கிழமை எங்களை டீக்கடைக்குக் கூட்டிப்போனார்கள். மேஜைமேல் எப்போதும் இருக்குமே சும்மா கொடுக்கிற வெறுந்தேநீர், அந்தப் பிளாஸ்கை யார் எடுத்து யாருக்கு முதலில் ஊற்றுகிறார்கள் என்று பார்ப்பார்களாம். அது எனக்கு முன்பே தெரியும். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு எனக்கு ஊற்ற மறந்தே போனேன். என் தோழி வந்து உட்கார்ந்ததும் தனக்கு ஒரு கோப்பை ஊற்றி மடக் மடக்கென்று குடித்துவிட்டு, இரண்டாவது கோப்பையும் ஊற்றினாள்.

"செத்தடி நீ," என்றேன் தமிழில்.

"தாகம் எடுத்தா என்னடி பண்றது? அவங்க கை என்ன முடங்கியா போச்சு? ஊத்திக் குடிக்கட்டுமே," என்றாள்.

இரண்டாவது சனிக்கிழமை ஆட்டம். தமெயின் என்கிற பெண்கள் லுங்கியைக் கணுக்கால்வரை இறுகக் கட்டிக்கொண்டு, கைகளை வளைத்து, தலையைச் சாய்த்து எட்டு எண்ணிக்கை. என் கையைப் பார்த்துவிட்டுப் பெரிய மமா நின்றுவிட்டார். மமா என்றால் இங்கே அக்கா. மூத்த மாணவிகள் எல்லோருமே எங்களுக்கு மமாதான். அவர்களில் தலைவி கடைசி வருஷம் என்பதால் பெரிய மமா. "இன்னொரு தடவை ஆடு," என்றார். ஆடினேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லி எழுதிக்கொண்டார். அன்றைக்கு நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேனா பறந்து போனேனா என்று நினைவில்லை. என் தோழி ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு அடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். "எனக்குக் கெடைக்காது, ஒனக்குக் கெடைச்சிரும்," என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பு வாயோடு சரி என்று எனக்குத் தெரிந்தது. நான் என் சந்தோஷத்தில் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது சுற்றில் நாம் செய்ய ஒன்றுமில்லை, காத்திருப்பதுதான். பட்டியல் எழுதி ஒட்டுவது அந்தக் குழுவில் வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகலுக்குள் மமாக்களே வீடு தேடி வருவார்கள். ஒரு அரக்குத் தட்டில் தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், அந்த வருஷத்துத் துணி, எல்லாவற்றையும் வைத்து, பெற்றவர்கள் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டு, "உங்கள் மகளை எங்களோடு அனுப்புங்கள்" என்று கேட்பார்கள். பெற்றவர்கள் தலையாட்டினால்தான் துணி கைக்கு வரும். பெரியவர்களையும் ஆசிரியர்களையும் தேங்காய் பழம் வைத்து வணங்குவது பர்மியர்களுக்குச் சர்வ சாதாரணம்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. கிடைக்காமல் போனால் அந்த வெட்கம் என்னோடு போகட்டும், பக்கத்து வீட்டு அக்காவரை எதற்குப் போக வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கே தெருமுனைக்குப் போய் நின்றுவிட்டேன். பங்குனி வெயில். முகத்தில் பூசிய தனகா மரப்பட்டைச் சாந்து வேர்வையில் கரைந்து கழுத்துக்கு வந்தது. பெரிய ரோட்டில் போகிற ஒவ்வொரு வேனையும் பார்த்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒருவேளை தாமதமாகுமோ என்று ஒரு மணிவரை நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து பாயில் குப்புறப் படுத்து அழுதேன்.

அம்மா என்னவோ நல்ல குஷியில் இருந்தாள். "வெயில்ல எங்கடி சுத்திட்டு வர்ற? இந்தா, பழம் தின்னு," என்று இரண்டு வாழைப்பழத்தைக் கையில் திணித்தாள். அழுகையோடு அழுகையாக இரண்டையும் தின்றேன். நல்ல இனிப்பு. எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். "கடையிலதான்," என்றாள்.

திங்கட்கிழமை கல்லூரிக்குள் நுழையும்போதே என் தோழி ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. பையைத் திறந்து காட்டினாள். வேங்கைப் பூ மஞ்சளில் துணி. "நேத்து நாலு மணிக்கு வந்தாங்கடி! நாங்க மத்தியானத்தோட நம்பிக்கையே விட்டாச்சு. அப்பாவுக்குக் கண்ணே கலங்கிருச்சு. அவங்க மண்டி போட்டதும் அப்பாவும் கூட மண்டி போட்டுட்டாரு, ஜெபம்னு நெனச்சு!" சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். "ஒன் துணி எங்கடி?"

"வரல," என்றேன்.

அவள் துணியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "கண்ணு இல்லாதவளுங்க," என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அந்தக் கட்டு பிடிக்கவில்லை. வயிறு எரிந்தது. பிளாஸ்கைப் பிடுங்கித் தனக்கு ஊற்றிக்கொண்டவள், ஒரு எண்ணிக்கைகூட ஒழுங்காக ஆடாதவள், இவளுக்கா என்று இருந்தது. அவளிடம் வகுப்புக்கு நேரமாகிறது என்று பொய் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

படிக்கட்டில் பெரிய மமா எதிரே வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாழ்த்துக்கள் தங்கச்சி. கல்யாணம் எப்போது?" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. யாருக்குக் கல்யாணம் என்றேன். அவர் முகம் மாறியது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். முந்தின நாள் பத்து மணிக்கு வந்திருக்கிறார்கள். பெரிய ரோட்டில் நெரிசல் என்று படகுத்துறைப் பக்கத்துச் சந்து வழியாக வந்ததால் நான் பார்க்கவில்லை. நாலு மமாக்கள், பட்டுத் தமெயின், தலையில் பூ, கையில் தேங்காய் பழத்தோடு தட்டு, தட்டில் மடித்த புதுத்துணி. போதாக்குறைக்கு, வேன் ஓட்டி வந்த பெரிய மமாவின் தம்பி, வெள்ளைச் சட்டையும் புது லுங்கியுமாகப் பின்னால் கைகட்டி நின்றிருக்கிறார். அம்மா கதவைத் திறந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? தமிழ் வீட்டு வாசலில் தட்டோடு நாலு பெண்களும் ஒரு இளவட்டமும் வந்து நின்றால் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? போதாததற்கு அவர்கள் மண்டியிடவும் ஆரம்பித்திருக்கிறார்கள். அம்மா அவர்களை வாய் திறக்கவே விடவில்லை. "எங்கள் பெண்ணை அவள் அத்தை மகனுக்குப் பேசி முடித்தாயிற்று. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்" என்று நல்ல பர்மிய மொழியில் மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணம் முடிவான பெண்ணை யெயினுக்குக் கூப்பிடுவதில்லை. அவர்கள் அம்மாவை வாழ்த்திவிட்டு, தேங்காயையும் பழத்தையும் நல்ல காரியத்துக்கு இருக்கட்டும் என்று வைத்துவிட்டு, துணியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் தின்றது என் தட்டுப் பழம்.

எனக்கு இருக்கும் ஒரே அத்தை த்வாண்டேயில் இருக்கிறார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் பெண்.

"துணியைச் சாயங்காலமே அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம்," என்றார் பெரிய மமா. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. "வரிசை ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும், பத்துக்கு மேல் மேடையும் கொள்ளாது. அந்தப் பெண்ணிடம் இரண்டாவதாகத்தான் வந்தோம் என்று சொல்லவில்லை. தப்பு எங்கள் பேரிலும் இருக்கிறது, ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். சனிக்கிழமைவரை யோசி. உனக்கு வேண்டுமென்றால் அவளிடம் நானே பேசுகிறேன்."

வீட்டுக்குப் போய் ஆடினேன் பாருங்கள், அதுதான் ஆட்டம். அம்மா முதலில் பதிலுக்குக் கத்தினாள். "முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னடி? தட்டோட வந்து மண்டி போட்டா நான் என்னன்னு நெனைப்பேன்? பொண்ணு கேக்க வந்தாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாக்குறா, எனக்குக் கை காலே ஓடல!" அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "பையன் எப்படி இருந்தான்?" என்று கேட்டார். "நல்ல களையாத்தான் இருந்தான்," என்று அம்மா சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். துணி வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க என் தோழி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு அடியெல்லாம் ஆடிக் காட்டுவாள். "இது சரியா? இப்படியா?" என்று கேட்பாள். நான் திருத்துவேன். திருத்தும்போது ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோகும். அடுத்த நிமிஷம் இது என் அடி, என் இடம் என்று பொங்கும். அவள் இப்போது நீள மேஜையில் உட்கார ஆரம்பித்திருந்தாள். எனக்காக அங்கிருந்து ஒரு கட்டுச் சோற்றைப் பிரித்து எடுத்து வருவாள். அது வேறு எரிச்சல். வெள்ளிக்கிழமை நான் முடிவு செய்துவிட்டேன். கேட்கத்தான் போகிறேன். முதலில் எழுதிய பெயர் என்னுடையது, நான் ஒன்றும் தியாகி இல்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். கையில் பித்தளைத் தாம்பாளம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒன்றையும் விடவில்லை. "வா. நானே வந்து குடுக்குறேன் ஒன்னை," என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள், கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்து.

அன்றைக்குத் தைத்த துணியைப் போட்டுப் பார்க்கும் நாள். துறைக்குப் பின்னால் நிழலில் பத்துப் பேரும் மஞ்சளில் வரிசையாக நின்றார்கள். அம்மா தாம்பாளத்தோடு நேராகப் பெரிய மமா முன்னால் போனாள். "அன்றைக்கு நான் விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன். என் பெண்ணுக்குக் கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு நீங்கள் கேட்க வந்தீர்கள். இன்றைக்கு நான் கொடுக்க வந்திருக்கிறேன்," என்று பர்மிய மொழியில் சொல்லி, தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். பெரிய மமாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. தட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான்.

அதற்குள் அம்மா வரிசையைப் பார்த்துவிட்டாள். கடைசியில் நின்ற என் தோழியைப் பார்த்ததும் அவள் வாயில் தமிழ் வந்துவிட்டது. "அடியே! ஒந் துணிய இவளுக்கா குடுத்தாங்க?"

பர்மியப் பெண்கள் ஒன்பது பேரும் சிரித்த முகமாகவே நின்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? என் தோழி மட்டும் சிரிப்பை நிறுத்தினாள். குனிந்து தன் மேல்சட்டையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நெசமாடி?"

நான் தலையாட்டினேன். ஏன் மறைக்க வேண்டும்?

"அதான் நாலு மணிக்கு வந்தாங்களா?"

"ம்."

அவள் முகம் சுருங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். கழற்றித் தந்துவிடுவாள் என்றும் நினைத்தேன், சத்தியமாக அதற்குக் காத்துக்கொண்டுதான் நின்றேன். அவள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டாவதாத்தான் கூப்பிட்டாங்களா? சரி. கூப்பிட்டாங்கள்ல? நான் தர மாட்டேன்டி. எனக்கும் இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் குடுத்ததில்ல. நீ அழுதாலும் தர மாட்டேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அப்படியே அறைந்துவிடலாமா என்று இருந்தது. அவள் கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் இடுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை. எத்தனை நாளாக இவளை எனக்குத் தெரியும், இவளுக்கும் என் அளவுக்கே ஆசை இருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்திருக்கிறேனா? எங்கிருந்தோ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பாவம் பார்த்துக் கழற்றிக் கொடுத்திருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். வாங்கிக்கொண்டு, அப்புறம் அவள் இருக்கும் பக்கமே போக முடியாமல் ஆகியிருக்கும். எனக்கு என்னைத் தெரியும்.

"நான் கேட்டனாடி இப்ப?" என்றேன்.

"கேக்கத்தானே வந்த?"

"ஆமா, கேக்கத்தான் வந்தேன். வேணாம் போ. நீயே வச்சுக்க."

பெரிய மமா, "அவள் என்ன சொல்கிறாள்?" என்று மெதுவாக என்னிடம் கேட்டார். "சட்டை அவளுக்கு அளவாக இருக்கிறதாம், மமா," என்றேன். அவர் என்னையும் அவளையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

கொண்டுவந்த தட்டைத் திரும்ப எடுத்துப்போவது ஆகாது என்று அம்மா பத்துப் பேருக்கும் குங்குமம் நீட்டினாள். பர்மியப் பெண்கள் ஆளுக்கொரு பொட்டு வைத்துக்கொண்டு போனில் படம் எடுத்தார்கள். என் தோழி, "எனக்குப் பொட்டு வேணாம் ஆன்ட்டி, பழம் மட்டும்," என்று இரண்டாக எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் அம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே வந்தாள். "வருத்தமா இருக்காடி?" என்றாள். "இருக்கு," என்றேன். இருந்தது. அன்றைக்கு மத்தியானம் அம்மா வைத்த மீன் குழம்பில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன், அதுவும் உண்மை.

திங்யான்வரை தினமும் ஒத்திகைக்குப் போய் நிழலில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. என் தோழியை அந்த ஒரு அடி பின்தங்கலிலிருந்து மீட்க எனக்குப் பதினேழு நாள் பிடித்தது. நீள மேஜையில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். அடுத்த வருஷம் துணி உனக்குத்தான் என்றார்கள். அடுத்த வருஷம் கொரோனா வந்து திருவிழாவையே நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் ராணுவ ஆட்சியில் நாடு இருந்த இருப்பில் யார் ஆடுவது, யார் பார்ப்பது? குழு கலைந்துபோனது. நான் எந்த மேடையிலும் ஏறவில்லை.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் வேலை பார்க்கிறோம். வாரம் ஒரு நாளாவது சாயங்காலத்தில் க்யிம்யிண்டைங்கில் அவள் வீட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் சந்தித்துவிடுவோம். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த யெயினில் வந்து நிற்கும். "நான் ஆடியிருந்தா ஒன்னைவிட நல்லா ஆடியிருப்பேன்டி," என்று நான் ஆரம்பிப்பேன். அவள் ஒரு நாளும் இதை மறுத்ததில்லை.

"ஆடியிருப்ப," என்பாள். "ஆனா நாந்தானே ஆடுனேன்."

சொல்லிவிட்டு என் தட்டில் இருக்கும் கடைசி சமோசாவை எடுத்துக்கொள்வாள். அவளுக்கு இன்னொரு தட்டு சொல்வேன்.